கட்டளை மொழியும் கேள்வி மொழியும்: பேராக் தோட்டங்களின் வரலாறு முதியோர் ஆங்கில வகுப்புக்குத் தரும் பாடம்

1877ஆம் ஆண்டில் இலண்டனின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்த இரப்பர்க் கன்றுகளுள் ஒன்பது, பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில், ஆங்கிலேய ஆட்சியின் பேராளராயிருந்த ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டன. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் கிந்தா பள்ளத்தாக்கைச் சுற்றியும் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வட்டாரங்களிலும் பால்மரக் காடுகள் எழுந்தன. சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர் அக்காடுகளில் லயம் கட்டி வாழ்ந்தனர். அம்மரங்களின் வரலாறும் அவற்றைச் சீவிய மக்களின் துயரமும் பலரால் எழுதப்பட்டுள்ளன. அம்மரத்தடியில் யார் யாருடைய மொழியைக் கற்றார், எதற்காகக் கற்றார், எந்த அளவோடு நிறுத்திக்கொண்டார் என்பதை இவ்வுரையில் ஆராய முற்படுகிறோம்.

இது பழங்கதைக்கான ஆராய்ச்சி மட்டுமன்று. தோட்டங்களிலிருந்து நகர்ப்புறம் வந்து சேர்ந்த பெரியவர்கள் இன்று ஆங்கிலம் கற்க விரும்புகின்றனர். அவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பு ஆசிரியர்களாகிய உங்களையும், நாளை ஆசிரியராகவுள்ள மாணவர்களாகிய உங்களையும் வந்து சேரக்கூடும். எப்படிக் கற்பிப்பது என்னும் வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி நம் தோட்ட வரலாற்றிலேயே இருக்கிறது.

துரைமார் கற்ற தமிழ்

தோட்டத்தில் முறையாக வேற்றுமொழி கற்ற முதல் முதியோர், வெள்ளைக்காரத் துரைமாரே. இலங்கையில் 19ஆம் நூற்றாண்டிலேயே சின்னத் துரைமாருக்கான தமிழ்க் கையேடு கொழும்பில் அச்சாகியிருந்தது. அதன் பெயர் 'இங்கே வா'. மலாயாவில் 1919இல் தோன்றிய தோட்ட நிருவாகிகள் கழகம் துரைமாருக்குத் தமிழ்த் தேர்வு நடத்தியது. தொழிலாளரோடு பேசத் தெரியாதவன் தோட்டத்தை நடத்த முடியாது என்பதை முதலாளிகள் உணர்ந்திருந்தனர்.

ஒரு முதியோர் மொழி வகுப்புக்கு வேண்டிய மூன்று பொருத்தங்கள் இம்முயற்சியில் இருந்தன. கற்றதை மறுநாள் காலைப் பெரட்டிலேயே பயன்படுத்த வேண்டிய தேவை இருந்தது. நாள் முழுதும் தமிழ் காதில் விழும் சூழல் இருந்தது. கற்றால் பயன் உண்டென்ற உறுதியும் இருந்தது. இலக்கணம் அரைகுறையாக இருந்தும் பல துரைமார் தமிழ் பேசினர் என்றால் அதற்கு இம்மூன்றுமே காரணம்.

ஆயினும் அத்தமிழ் எத்தகையது? கையேட்டின் பெயரே ஓர் ஏவல் வினை. வா, போ, எடு, வை, வெட்டு என்னும் ஏவல்களே அதன் முதுகெலும்பு. ஆணையிடுவதற்காகக் கற்ற மொழி ஆணையிடவே பயன்பட்டது. ஒருவனுக்கு எந்த வாக்கியங்களைக் கற்றுக்கொடுக்கிறோமோ அந்த வாக்கியங்களுக்குரிய உறவையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறோம். இவ்வுண்மையை நாம் மறத்தலாகாது.

தொழிலாளிக்கு வராத வகுப்பு

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப்பேர் உள்ள தோட்டம் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. அக்கடமை குழந்தைகளோடு நின்றுவிட்டது. அப்பள்ளிகளிலும் தமிழில் தொடக்கக் கல்வியே கிடைத்தது. ஆங்கிலப் பள்ளிகள் நகரங்களில் இருந்தன. ஈப்போவில் 1895இல் ஆங்கிலோ சீனப் பள்ளியும், 1909இல் ஆண்டர்சன் பள்ளியும், 1912இல் செயின்ட் மைக்கல் பள்ளியும் தோன்றின. தோட்டத்துப் பிள்ளைக்கு அவை தொலைவாலும் செலவாலும் எட்டாக்கனி. பிள்ளைக்கே எட்டாதபோது பெற்றோருக்கு எங்ஙனம் எட்டும்?

இக்குறை வெறும் படிப்புக் குறையாக நிற்கவில்லை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, பி. பி. நாராயணன் அதன் பொதுச்செயலாளரானார். முதலாளிகள் சங்கத்தோடு நடந்த பேச்சுவார்த்தையின் மொழி ஆங்கிலம். கூலி ஒப்பந்தத்தின் மொழியும் அதுவே. சங்கத்தின் தமிழ் ஏடான 'சங்கமணி' செய்திகளைத் தொழிலாளரிடம் கொண்டு சேர்த்தது. ஆயினும் மேசையின் எதிரே அமர்ந்து பேச ஆங்கிலம் அறிந்த சிலரே இருந்தனர். 1950களின் பிற்பகுதியில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது இக்குறை இன்னும் கூர்மையாயிற்று. தோட்டம் கைமாறிய ஆவணத்தை, அதில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர் படிக்க இயலவில்லை. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் சிறுசேமிப்பைக்கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்தது இந்நெருக்கடியின் நடுவில்தான்.

விடுதலைக்குப் பின் அரசு முதியோர் கல்வியில் தேசிய மொழிக்கு முதன்மை அளித்தது. அது நாட்டுக்கு வேண்டியதே. 1970 முதல் ஆங்கிலவழித் தொடக்கப்பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. பின்னர் இரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தை விட்டு ஈப்போவின் புறநகர்களுக்கு வந்தவர்கள் தொழிற்சாலை, பாதுகாவல், வாகனம் ஓட்டுதல், சிறுவணிகம் என்று புதிய பிழைப்பைத் தேடினர். மலாய்மொழி அவர்களுக்குக் கைவந்தது. இயந்திரக் கையேடு, மருந்து உறையின் எச்சரிக்கை, வேலை நேர்காணல், வெளிநாட்டு வாடிக்கையாளர் என்று பல இடங்களில் ஆங்கிலம் இன்றும் ஒரு மூடிய கதவாகவே நிற்கிறது.

பிற நிலங்களின் பாடம்

1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் ஏறத்தாழ 27,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சியளிக்கும் பெரும்பணி நடந்தது. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சியளிக்க, அது பனியுருண்டைபோல் பெருகும் என்பது திட்டம். எனவே 'சென்னைப் பனியுருண்டை' என்றே அது பெயர் பெற்றது. வாக்கிய அமைப்புகளைத் தரவரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அம்முறை. ஒழுங்கு அதன் வலிமை. உயிரற்ற ஒப்பித்தலாகத் தேய்ந்துபோகும் அபாயம் அதன் வலுவின்மை.

அதற்கு மாற்றாக, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய தென்னிந்திய ஊர்களின் பள்ளிகளில் என். எஸ். பிரபு ஒரு சோதனையை நடத்தினார். இரயில் கால அட்டவணையைப் பார்த்து வழி கண்டுபிடித்தல், வரைபடத்தைப் படித்தல் போன்ற பணிகளை மாணவரிடம் கொடுத்தார். பொருளில் கவனம் குவியும்போது மொழியமைப்பு தானே மனத்தில் படியும் என்பது அவர் கருத்து. அவர் மாணவர் சிறுவர். எனினும் அன்றாடம் கணக்குப் பார்த்து வாழும் பெரியவருக்கு இம்முறை இன்னும் நன்றாகப் பொருந்தும்.

1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் பாவுலோ பிரெய்ரே ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு எழுத்தறிவித்தார். அவர்களின் வாழ்க்கையிலிருந்து எடுத்த சொற்களே அவர் பாடநூல். தமிழகத்தில் 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. கற்றது மறுநாளே கால்களில் ஓடியது. இவ்விரண்டும் தாய்மொழி எழுத்தறிவுக்கான முயற்சிகள். நம் வகுப்போ வேற்றுமொழி வகுப்பு. ஆயினும் எங்கிருந்து தொடங்குவது என்பதை அவை நமக்குக் காட்டுகின்றன.

நம் வகுப்பறைக்கு

முதலாவதாக, நம் முதியவர் ஆங்கிலம் அறியாதவர் அல்லர். பெரட்டு என்பது ஆங்கிலத்தின் 'பரேட்'. லயம் என்பது 'லைன்'. செக்ரோல், ஸ்டோர், டிரசர், போனஸ் எல்லாம் அவர் நாவில் நூறாண்டாக இருப்பவை. இவற்றைக் கரும்பலகையில் ஆங்கில எழுத்தில் எழுதி முதல் பாடத்தைத் தொடங்கலாம். தம் வாயில் இருந்ததே எழுத்தாக வரக் கண்டவருக்கு அச்சம் பாதி தீரும்.

இரண்டாவதாக, அவருடைய தமிழும் மலாயும் தடைகள் அல்ல, கருவிகள். தமிழில் வினை இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். மலாயிலும் அப்படியே வரும். 'சாயா பெர்கி கெ ஈப்போ' என்று இயல்பாகச் சொல்பவர், அதே வரிசையில் ஆங்கிலச் சொற்களை அடுக்கிவிடுவார். ஒலியிலும் இத்துணை உண்டு. குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'பின்' என்றே வரும். ஆனால் காலைப்பொழுதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லையும் 'கொடு' என்று பொருள்படும் மலாய்ச் சொல்லையும் அவர் கடைத்தெருவில் பிரித்தே ஒலிக்கிறார். தமிழ் எழுத்தில் அவ்விரண்டும் 'பாகி' என்றே அமையும். அந்தச் செவியை நினைவூட்டினால் போதும். ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும். மலாயில் எழுதியபடியே படிக்கலாம். ஆங்கிலத்தில் அவ்வாறு இயலாது.

மூன்றாவதாக, ஒவ்வொரு பாடமும் தன்னளவில் முழுமையாக இருத்தல் வேண்டும். வேலை நேரம் மாறும், வீட்டில் நோய் வரும், திருவிழா வரும். தொடர்ந்து வருவார் என்று நம்பி அமைத்த பாடம், ஒரு வாரம் வராதவரை நிரந்தரமாக வெளியே நிறுத்திவிடும். இன்று வந்தவர் இன்றே ஒன்றைச் செய்யக் கற்றுச் செல்ல வேண்டும். மருந்து உறையைப் படித்தல், தொலைபேசியில் முகவரி சொல்லுதல், நேர்காணலில் தம் வேலையை விளக்குதல் போன்றவை ஒரு மாலைக்குப் போதும்.

நான்காவதாக, மதிப்பு. ஆசிரியர் இளையவர், கற்பவர் பேரப்பிள்ளை எடுத்தவர். 'அண்ணே', 'அக்கா', 'ஐயா', 'அம்மா' என்னும் விளிகளை ஆங்கில வகுப்பிலும் கைவிடலாகாது. பலர்முன் பிழையைச் சுட்டினால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். அவர் சொன்ன வாக்கியத்தையே திருத்தமாகத் திரும்பச் சொல்லி உரையாடலைத் தொடர்வதே தகும்.

ஐந்தாவது, எல்லாவற்றினும் முதன்மையானது. துரைமார் கற்ற தமிழின் குறையை நாம் மறுதலையாகச் செய்துவிடக்கூடாது. 'ஆம் ஐயா', 'சரி ஐயா' என்று பணிந்து விடை கூறுவதற்கு மட்டும் பயிற்சி தரும் வகுப்பு, பழைய பெரட்டுக் களத்தை ஆங்கிலத்தில் மீண்டும் கட்டுகிறது. ஆதலால் கேள்விகளை முதல் மாதத்திலேயே கற்பிக்க வேண்டும். எவ்வளவு? ஏன் பிடித்தம் செய்தீர்கள்? இதன் பொருள் என்ன? மெதுவாக இன்னொரு முறை சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள். இவ்வாக்கியங்களைத் தடுமாற்றமின்றிச் சொல்லத் தெரிந்தவர், வகுப்புக்கு வெளியே ஒவ்வொருவரையும் தமக்கு ஆசிரியராக்கிக்கொள்வார். தம் கூலிச்சீட்டையும் கையெழுத்திடும் தாளையும் கேட்டறிந்த பின்னரே ஏற்பார்.

பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நாட்டின் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. அவற்றுள் பல, தோட்டத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. பிள்ளைகள் வீடு திரும்பிய பின் மாலையில் அவ்வகுப்பறைகளில் சில வெறுமையாகவே இருக்கும். வாரத்தில் ஒரு மாலை, ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்சி மாணவர், ஒரு கரும்பலகை இருந்தால் ஒரு வகுப்பு தொடங்கிவிடும். சட்டம் 1923இல் பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்ட கடமையை அவர்களின் பெற்றோர்க்கும் பாட்டன்மார்க்கும் நீட்டுவது இனி நம் விருப்பத்தைப் பொறுத்தது. அந்த வகுப்பின் முதல் வாக்கியம் ஒரு கேள்வியாக அமையட்டும்.