ஈயச் சிப்பாய்களும் நம் முன்னோரும்



பெங்களூர்ப் பாளையத்தில் வாழும் நமக்குப் படையென்பது புதிய சொல்லன்று. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்தினின்று பெயர்த்து ஈண்டுப் பாளையம் அமைத்தனர். அப்படையைத் தொடர்ந்து சிப்பாய்களாகவும், வணிகராகவும், கொத்தராகவும், பணியாளராகவும் தமிழர் பலர் வந்து குடியேறினர். 1898ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின்னர் நெரிசலைக் குறைக்கவென எழுந்ததே நம் பிரேசர் டவுன். அப்பாளையத்துச் சிப்பாயின் உருவத்தை இன்றும் நம் உள்ளங்கையில் ஏந்திக் காணலாம் என்றால் வியப்பன்றோ? ஈயத்தில் வார்த்த சிறு பொம்மைகளாக அவன் இன்றும் நிற்கின்றான். அவ்வரலாற்றைச் சிறிது கூறுவேன்.

மேசையின்மேல் படை நடத்தும் விளையாட்டு நம் நாட்டில் தோன்றியது. யானை, தேர், பரி, காலாள் என்னும் நால்வகைப் படையும் நிற்பதனாலன்றோ அதற்குச் சதுரங்கம் என்று பெயர்! அது பாரசீகம் சென்று, அரபு நாடுகளைக் கடந்து, ஐரோப்பாவை அடைந்தது. 1780ஆம் ஆண்டில் ஹெல்விக் என்னும் ஜெர்மானியர் அச்சதுரங்கத்தையே விரித்துப் போர் விளையாட்டாக்கினார். 1812இல் ரைஸ்விட்ஸ் என்பார் பிரஷ்ய மன்னருக்கு அத்தகைய விளையாட்டொன்றைச் செய்தளித்தார். அவர் மைந்தர் 1824இல் அதனைத் திருத்தியமைக்க, படை அதிகாரிகள் அதனைக் கொண்டு பயிற்சி பெறலாயினர்.

எளியோர் வீட்டுக்கு இது வந்த வழி வேறு. ஜெர்மனியின் கெட்டி ஈயப் பொம்மைகள் விலை மிகுந்தவை. 1893ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வில்லியம் பிரிட்டன் என்பார் ஒரு புதுமுறை கண்டார். உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியவுடன் நடுவிலுள்ளதைக் கவிழ்த்துவிட்டால், உள்ளே கூடான பொம்மை கிடைக்கும். ஈயம் மிச்சம், விலையும் குறைவு. அக்காலத்து விளையாட்டு ரயில் வண்டிகளுக்குப் பொருந்துமாறு 54 மில்லிமீட்டர் உயரத்தை அவர் கொண்டார் என்பது, என்னைப் போன்ற ரயில்வே ஊழியனுக்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும்! 1913இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் இப்பொம்மைகளை வைத்தாடும் முறையை 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலாக்கினார்.

அந்நிறுவனம் 1890களில் வெளியிட்ட தொகுதிகளுள் சென்னைக் காலாட்படையும் ஒன்று. ஆங்கிலச் சிறுவர் அதனை விளையாட்டுப் பொருளாகவே கண்டனர். நமக்கோ அது பாட்டனாரின் தோற்றம். உயர் அதிகாரிகளுக்குச் சிலைகள் எழுந்தன. தெருக்களுக்கும் அவர்கள் பெயர் சூட்டப்பெற்றது. பிரேசர் டவுன் என்னும் பெயரே ரெசிடெண்டாக இருந்த ஒருவருடையது. சாதாரணச் சிப்பாய்க்கோ ஈயத்தில் ஓர் உருவமாவது கிடைத்தது.

இவற்றைத் தொகுப்பது செல்வர்க்கே உரியது என்று பலர் எண்ணுவர். சிவப்புப் பெட்டியும் வண்ணமும் குலையாத தொகுதிக்கு அது பொருந்தும். கையிழந்த வீரனும் காலொடிந்த குதிரையும் மிகக் குறைந்த விலைக்கு வரும். நான் பல ஆண்டுகளாகப் பழம்பொருள் கடைகளில் தேடிச் சேர்த்தவை பதினேழு. அவற்றுள் தலையோடிருப்பவை ஒன்பதே! கழன்ற தலையை ஒரு தீக்குச்சியை உட்செருகி நிறுத்துவது வெளிநாட்டினரும் கையாளும் பழைய உத்தி.

தொகுக்க விரும்பும் அன்பர்கள் சிலவற்றை மனத்திற் கொள்க. எல்லாப் படைகளையும் நாடாது ஒரு படையை மட்டும் தேர்க. செலவு தானே அடங்கும். அடித்தட்டைத் திருப்பி நிறுவனத்தின் பெயரைத் தேடுக. கையிலெடுத்தால் கனமின்றி இருத்தல் கூடுவார்ப்பின் அடையாளம். உதிர்ந்த வண்ணத்தின்மேல் புது வண்ணம் பூசற்க. அவ்வாறு பூசின் அதன் பழமையும் மதிப்பும் ஒருங்கே கெடும். மரப்பெட்டியில் அடைத்து வைத்தலும் ஆகாது. சிலவகை மரங்களினின்று எழும் புளிப்பாவி ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கிவிடும். ஈயம் நச்சுப்பொருள் என்பதனால் சிறு குழந்தைகள் கைக்கு எட்டாது வைத்தலும், தொட்டபின் கை கழுவுதலும் வேண்டும். அந்நச்சுத்தன்மை பற்றியே 1966இல் இவற்றின் உற்பத்தி நின்றது. ஈயத்தை விரும்பாதார், 1959 முதல் ஏர்பிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட சிறு பிளாஸ்டிக் வீரர்களை நாடலாம்.

படிகட்டிப் பொம்மை வைக்கும் வழக்கம் நமக்கு அயலானதன்று. நவராத்திரியில் தெய்வ உருவங்களுடன் செட்டியாரையும் சிப்பாயையும் அடுக்கி மகிழ்வோர் நாம். அப்படியில் ஓர் ஈயச் சிப்பாயும் நின்றால், "இவர் யார்?" என்று குழந்தை கேட்கும். அப்பொழுது, நம் குடும்பம் எவ்வூரினின்று, எவ்வாண்டில், எப்பணிக்காக இந்நகர் வந்தது என்பதை எடுத்துச் சொல்ல ஒரு வாய்ப்புண்டாகும். சொல்லத் தெரிந்த பெரியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதரிப்பாரற்ற பொம்மைகளும் பழைய ஈயமென எடைக்குப் போய் உலையில் உருகக்கூடும். வீட்டுப் பரண்களிலும் பழைய டிரங்குப் பெட்டிகளிலும் இத்தகையன இருப்பின், எடைக்குப் போடுமுன் ஒருமுறை திருப்பிப் பார்க்குமாறு சங்க அன்பர்களை வேண்டுகின்றேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!