பல் வேரைக் கழுவிய கதை



பல்வலி என்றால் நம் தோட்டங்களில் முன்பெல்லாம் இரண்டே வைத்தியம்தான். கிராம்பை வைத்துக் கடிப்போம். தாங்காவிட்டால் பல்லைப் பிடுங்கிவிடுவோம். பிடுங்காமலே பல்லைக் காப்பாற்றும் வழியை மருத்துவர்கள் சிறிது சிறிதாகக் கண்டறிந்தார்கள். அதில் மருந்தை உள்ளே வைப்பது பாதி வேலை. வைத்த மருந்தைக் கழுவி எடுப்பது மறுபாதி. அந்த மறுபாதியின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

பல்லின் வேருக்குள் நூல் நுழையும் அளவுக்குக் குறுகிய குழாய் ஒன்று உண்டு. சொத்தை ஆழமாகிக் கிருமிகள் அதற்குள் புகுந்தால் சீழ் வைக்கிறது. 1920ஆம் ஆண்டில் ஹெர்மன் என்னும் ஜெர்மானியப் பல் மருத்துவர், கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற பொருளை இதற்கு மருந்தாகக் கொண்டுவந்தார். அது வேறொன்றுமில்லை; நாம் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பின் தூய வடிவமே. அதன் காரம் கிருமிகளைக் கொல்லும். அதற்காக வீட்டுச் சுண்ணாம்பைப் பல்லில் வைத்துவிடாதீர்கள், வாய் வெந்துவிடும்.

இம்மருந்தைச் சில நாட்களோ சில வாரங்களோ உள்ளே வைத்திருந்து, பின்பு எடுத்துவிட்டுக் குழாயை நிரந்தரமாக அடைப்பார்கள். அடைக்கும் பொருளில் சேரும் 'கெத்தா பெர்ச்சா' நம் மலாயாக் காட்டு மரத்தின் பால் என்பது நமக்குப் பெருமை! ஆனால் பழைய சுண்ணாம்பு சுவரில் படிந்திருந்தால், அடைப்புப் பசை சரியாகப் பிடிக்காது. இடுக்கு வழியே கிருமி திரும்பவும் நுழையலாம்.

சரி, அதை எதைக் கொண்டு கழுவுவது? முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டளவில், ஆங்கிலேய வேதியியலாளர் டேக்கினும் பிரெஞ்சு மருத்துவர் கரேலும் வீரர்களின் சீழ்ப்புண்களை 0.5 விழுக்காட்டு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவினார்கள். துணி வெளுக்கும் மருந்தின் இனம் அது. பின்னர் அந்த இனக் கரைசலே பல் வேருக்கும் வந்தது. 1936இல் அமெரிக்காவில் வாக்கர் அதை எடுத்துரைத்தார். அது அழுகிய சதையைக் கரைக்கும். சுண்ணாம்பை மட்டும் எளிதில் கரைக்காது. 1957இல் நார்வே நாட்டு நைகார்ட்-ஓஸ்ட்பி, சுண்ணாம்புச் சத்தைப் பற்றி இழுக்கும் ஈ.டி.டி.ஏ. கரைசலைக் கொண்டுவந்தார். இன்று இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள்.

கழுவும் நீர் கிடைத்தும் தொல்லை தீரவில்லை. மங்கின் அடியில் காய்ந்த ஒட்டுப்பால், தண்ணீர் ஊற்றினால் மட்டும் போகுமா? ஊசியால் பீய்ச்சும் கரைசல் ஊசி முனையைத் தாண்டிச் சிறிது தூரமே செல்கிறது. அழுத்திப் பீய்ச்சினால் வேர் நுனிக்கு வெளியே பாய்ந்து சதையைப் புண்ணாக்கும். ஆகவே சிலர் சிறு அரத்தால் சுரண்டிக் கழுவினார்கள். வேறு சிலர் கரைசலுக்குள் மெல்லிய கம்பியை விட்டு, நொடிக்குச் சுமார் 30,000 முறை அதிரச் செய்தார்கள். மீயொலியைப் பல் வேருக்குள் கொண்டுசென்றவர் 1957இல் ரிச்மன்.

இம்முறைகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெறும் ஊசியைவிட மீயொலி அதிர்வு கூடுதலாகச் சுத்தம் செய்வதாகப் பல ஆய்வுகள் கண்டன. ஆயினும் வேரின் நுனிப்பகுதியில் சிறிது மருந்து தங்கிவிடுகிறது. முற்றாக எடுக்கும் முறை ஒன்றும் அமையவில்லை.

எங்கள் மாணவன் ஒருவனின் தாயார், மருந்து வைத்ததும் வலி நின்றுவிட்டது என்று மறுமுறை போகவில்லை. ஒரு நாள் கூலி போய்விடுமே என்பது அவர் கவலை. தற்காலிக அடைப்பு விழுந்தது, சீழ் திரும்பியது, கடைசியில் பல்லும் போனது. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மருந்தை ஏன் எடுக்க வேண்டும் என்று அவருக்கு எவரும் விளக்கவில்லையே!

எனவே, நேயர்களே, வலி நின்றால் வைத்தியம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். மருத்துவர் குறித்த நாளில் மறவாமல் செல்லுங்கள். வைத்த மருந்தைக் கழுவி எடுத்து, குழாயை அடைத்த பிறகே அந்தப் பல் நமக்கு மிஞ்சும்.