அயர்லாந்தின் மேற்குக் கரை: ஆளில்லாத அழகுக்குப் பின்னால்

அயர்லாந்துத் தீவின் மேற்குக் கரையை ஒட்டி, வடக்கே டெரி நகரின் எல்லையிலிருந்து தெற்கே கின்சேல் துறைமுகம் வரை சுமார் 2,500 கிலோமீட்டருக்கு ஒரு சாலைத் தடம் இருக்கிறது. ‘வைல்ட் அட்லாண்டிக் வே’ என்று பெயர். சாலைகள் எல்லாம் பழையவைதான். சுற்றுலாத் துறையினர் 2014-ல் அவற்றை ஒரே பெயரில் கோத்து, வழி நெடுக அலை வடிவக் குறி போட்ட பலகைகளை நட்டார்கள். இன்று உலகத்தில் கேமரா வைத்திருப்பவர்களுக்கெல்லாம் பிடித்த சாலைகளில் அதுவும் ஒன்று.

சென்ற மே மாதம் அதில் ஒரு துண்டை மட்டும், கிளேர் மாவட்டத்தின் மோஹர் செங்குத்துப் பாறைகளிலிருந்து மேயோ மாவட்டத்தின் அக்கில் தீவு வரை, ஐந்து நாளில் பார்த்துவிட்டு வந்தேன். மாப்பிள்ளை கார் ஓட்ட, நான் பக்கத்தில் கேமராவோடு. நம்மூர் மாதிரியே இடப்பக்கம் ஓட்டும் நாடு. ஆனால் கிராமத்துச் சாலைகள் பல இடங்களில் ஒரு காரும் ஒரு ஆட்டு மந்தையும் சேர்ந்து போக முடியாத அகலம். மழை நிற்பதும் வெயில் வருவதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். மே மாதத்தில் இரவு ஒன்பதரை மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. படம் எடுப்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

எடுத்த படங்களில் மலை இருக்கிறது, கடல் இருக்கிறது, செம்மறி ஆடு இருக்கிறது. மனிதர்கள் மட்டும் அநேகமாக இல்லை. “ஆதிகாலத்திலிருந்தே யாரும் குடியேறாத பூமி போலிருக்கிறதே” என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அந்த வெறுமைக்கு வயது இருநூறு ஆண்டுகூட இல்லை என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது.

1841-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி அயர்லாந்துத் தீவின் மக்கள்தொகை சுமார் 82 லட்சம். பத்து ஆண்டு கழித்து, 1851-ல், சுமார் 65 லட்சம். நான் போன மேயோ மாவட்டத்தில் மட்டும் 1841-ல் 3,88,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2022 கணக்கெடுப்பில் அங்கே இருப்பவர்கள் சுமார் 1,38,000 பேர். உலகமெங்கும் ஜனத்தொகை பல மடங்கு பெருகிய காலத்தில், ஒரு மாவட்டம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது.

நடந்தது உருளைக்கிழங்குப் பஞ்சம். மேற்குக் கரையின் ஏழைக் குடியானவர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. பெரிய நிலப்பிரபுக்களிடம் குத்தகைக்கு வாங்கிய துண்டு நிலம்தான். குறைந்த இடத்தில், மோசமான மண்ணிலும் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பும் பயிர் உருளைக்கிழங்கு ஒன்றே. 1845 இலையுதிர் காலத்தில் கருகல் நோய் வந்து கிழங்கெல்லாம் அழுகியது. 1846-ல் அநேகமாக முழு விளைச்சலும் போயிற்று. பசியிலும் காய்ச்சலிலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பல் ஏறினார்கள்.

இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாம். காரில் போனால், தரையிலேயே எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.

கானமாராவுக்கும் மேயோவுக்கும் இடையே கில்லரி என்ற நீண்ட கடல் கழி, சுமார் 16 கிலோமீட்டர் உள்ளே புகுந்து கிடக்கிறது. மத்தியானத்தில் அதன் கரைச் சரிவுகள் வெறும் பச்சைப் போர்வை. சாயங்காலம் சூரியன் சாய்ந்து, ஒளி பக்கவாட்டில் விழுந்ததும் அந்தப் பச்சையில் சீப்பு வாரினாற்போல வரிவரியாக நிழல் தெரிந்தது.

“மாமா, அது உழுத நிலமா?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

மண்வெட்டியால் அணைத்த மேட்டுப் பாத்திகள் அவை. கடற்கரையிலிருந்து பாசியைக் கூடையில் சுமந்து வந்து உரமாகப் போட்டு, அதன்மேல் மண்ணைப் புரட்டி உருளைக்கிழங்கு நட்டார்கள். மாடும் ஏரும் ஏற முடியாத சரிவு அது. அவ்வளவு உயரத்தில் போய்ப் பயிர் வைத்தார்கள் என்றால் கீழே இடம் எவ்வளவு நெருக்கடியாக இருந்திருக்கும்! பயிர் போய் நூற்றெழுபது ஆண்டுக்கு மேலாகியும் பாத்தி அழியவில்லை.

அதே கழியின் தென்கரையில் கல் அடுக்கிய ஒரு பழைய பாதை போகிறது. பஞ்ச நிவாரண வேலையாகப் போட்டது என்கிறார்கள். 1846–47 குளிர்காலத்தில் அரசாங்கம் பசித்தவர்களுக்கு நேரடியாகச் சோறு போடாமல், கல் உடைக்கவும் ரோடு போடவும் வைத்துக் கூலி கொடுத்தது. 1847 மார்ச்சில் 7 லட்சம் பேருக்கு மேல் இந்த வேலையில் இருந்தார்கள். தானிய விலை ஏறிக்கொண்டே போக, அந்தக் கூலி ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை. பட்டினி கிடந்த உடம்பு, பனியில் கல் உடைத்தால் என்ன ஆகும்? பிறகு அரசாங்கமே மனம் மாறி 1847 கோடையில் கஞ்சித் தொட்டி வைத்தது. நாளொன்றுக்கு 30 லட்சம் பேர் வரை சாப்பிட்டார்கள். அது பலன் தந்தது. ஆனால் சில மாதங்களிலேயே அதை மூடிவிட்டார்கள்.

இந்த நிவாரணத்தை லண்டன் கருவூலத்திலிருந்து நடத்தியவர் சார்லஸ் டிரெவிலியன். முடிவுகள் அவர் ஒருவருடையவை இல்லை, மேலே அமைச்சரவை இருந்தது. ஆனால் வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது, இலவசம் மக்களைக் கெடுத்துவிடும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். பஞ்சத்தைக் கடவுளின் செயலாகவே கண்டு எழுதியும் வைத்தார். இவர்தான் 1859-ல் நம் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்தவர். இந்திய அரசு கொண்டுவந்த வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததால் 1860-ல் திருப்பி அழைக்கப்பட்டார். அவர் போய்ப் பல ஆண்டு கழித்து தாது வருஷப் பஞ்சம் வந்தபோது, நம்மூரிலும் வேலைக்குக் கூலி என்ற அதே முறைதான். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டியதுதான். அந்தக் கால்வாய் ஓரமாகப் போய் வந்தவர்களுக்குக் கில்லரியின் கல் பாதை அந்நியமாகத் தோன்றாது.

கில்லரியைத் தாண்டி வடக்கே திரும்பினால் டூலாக் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மலை, நடுவில் கறுத்த ஏரி, அதன் கரையோரம் ஒற்றைச் சாலை. அந்த வழியின் மிக அழகான இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

1849 மார்ச் 30 அன்று லூயிஸ்பர்க் என்ற ஊரில் நூற்றுக்கணக்கான ஏழைகள் கூடினார்கள். நிவாரணம் தொடர வேண்டுமானால் அதிகாரிகள் அவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. அதிகாரிகளோ சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி, டெல்ஃபி என்ற இடத்தில் இருந்த வேட்டை மாளிகைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலை அங்கே வந்து சேருங்கள் என்று சொல்லப்பட்டது. குளிரிலும் காற்றிலும் இந்த ஏரிக்கரை வழியாக மக்கள் நடந்தார்கள். போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி நடக்கும்போது வழியிலேயே விழுந்து இறந்தவர்கள் உண்டு. எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. அன்றைய பத்திரிகைக்கு வந்த கடிதம் சில உடல்களைச் சொல்கிறது, ஊர் வாய்மொழி நூற்றுக்கணக்கில் சொல்கிறது. சாலையோரம் ஒரு கல் சிலுவை நிற்கிறது. அதில் செதுக்கியிருக்கும் வாசகங்களில் ஒன்று காந்தியடிகள் சொன்னது. சக மனிதனை அவமானப்படுத்துவதில் ஒருவனுக்கு என்ன பெருமை என்று கேட்கிற வாசகம். கார்கள் நிற்கின்றன, ஏரியைப் படம் எடுக்கிறார்கள், கிளம்புகிறார்கள். கல்லைப் படிக்க இரண்டு நிமிடம் போதும்.

இந்தப் பஞ்சத்துக்கு ஏன் புகைப்படம் இல்லை என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேமரா 1839-லேயே வந்துவிட்டது, 1841-ல் டப்ளினில் ஸ்டுடியோவும் திறந்துவிட்டார்கள். ஆனால் அது காசுள்ளவர்கள் அசையாமல் உட்கார்ந்து உருவம் எடுத்துக்கொள்ளும் சாதனமாக இருந்தது. பஞ்சத்தின் முகத்தை நாம் பார்ப்பது 1847-ல் ஜேம்ஸ் மஹோனி என்ற ஓவியர் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காகத் தெற்கே கார்க் மாவட்டத்தில் வரைந்த சித்திரங்களில்தான். பிற்பாடு டப்ளினின் லாரன்ஸ் ஸ்டுடியோவுக்காக ராபர்ட் ஃபிரெஞ்ச் என்பவர் நாடு முழுக்கச் சுற்றிப் படம் எடுத்தார். அந்த ஸ்டுடியோவின் சுமார் 40,000 கண்ணாடித் தகடுகள் இன்று அயர்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் அஞ்சலட்டைக்கு ஏற்ற இயற்கைக் காட்சிகளும் ஊர்க் காட்சிகளும். ஆனால் அதே தொகுப்பில், 1880-களில் வாடகை கட்டாத குடியானவர்களின் வீட்டுச் சுவரை இடித்து வெளியேற்றும் படங்களும் உண்டு.

வெளியேற்றம் பஞ்சக் காலத்திலேயே பெரிதாக ஆரம்பித்துவிட்டது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது என்று 1847-ல் சட்டம் வந்தது. சாப்பிட வேண்டுமானால் நிலத்தை விட வேண்டும். சின்னக் குத்தகைதாரர்களுக்கான ஏழை வரியை நிலப்பிரபுவே கட்ட வேண்டியிருந்ததால், ஆளைக் கிளப்பிவிட்டால் அவருக்கு லாபம். கூரையைப் பிரித்துவிட்டு அந்த இடத்தை மேய்ச்சலாக்கினார்கள். என் படங்களில் அழகாக நிற்கும் மந்தைகளுக்குப் பின்னாலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

கடைசியாக அக்கில் தீவு. ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் 80 முதல் 100 கல் வீடுகள், கூரையில்லாமல், ஒரே வரிசையாக நிற்கின்றன. பஞ்சத்தில் ஒரே நாளில் காலியான ஊர் என்று சிலர் கதை சொல்வார்கள். உண்மை அப்படி இல்லை. பசி, வாடகை, வெளியேற்றம், கடற்கரைப் பக்கம் குடிபெயர்ந்தது என்று மெல்ல மெல்லக் காலியானது. அதன் பிறகும் 1940-கள் வரை, கோடையில் மாடு மேய்க்க வருபவர்கள் சில வீடுகளில் தங்கியிருக்கிறார்கள்.

தீவை நிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு மைக்கேல் டேவிட் பெயர். மேயோவில் 1846-ல் பிறந்தவர். நாலு வயதில் குடும்பத்தோடு வீட்டிலிருந்து விரட்டப்பட்டு இங்கிலாந்து போனார். பதினோரு வயதில் பஞ்சாலை இயந்திரத்தில் வலக்கையை இழந்தார். அவர் திரும்பி வந்து 1879-ல் தொடங்கியதுதான் நிலச் சங்கம். அடுத்த ஆண்டே மேயோவில் ஒரு பண்ணை நிர்வாகிக்கு யாரும் வேலை செய்வதில்லை, கடையில் பொருள் விற்பதில்லை என்று மக்கள் முடிவெடுத்தார்கள். அந்த நிர்வாகியின் பெயர் பாய்காட். அதற்கு முன் அவர் இதே அக்கில் தீவில் பல ஆண்டு குடியிருந்தவர். நம் சுதந்திரப் போராட்டம் வரை வந்த சொல்லின் பிறப்பிடம் இந்த மண்தான். அந்தப் போராட்டங்களின் பலனாக, 1903 சட்டத்துக்குப் பிறகு குத்தகைதாரர்கள் பெருமளவில் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. மலைச்சரிவு வெறும் புல்லாகத் தெரிந்தால், சாயங்காலம் வரை காத்திருங்கள். வெளிச்சம் சாயும்போது பாத்திகள் தெரியும். எடுத்த படத்தின் கீழே ஊர்ப் பெயரோடு அங்கே 1841-ல் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். நான் என் ஆல்பத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.