அந்தச் சிறுவனின் கண்ணீர்

1921-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரு பேசாப்படம் வெளிவந்தது. சார்லி சாப்ளின் எழுதி, இயக்கி, நடித்த 'தி கிட்' என்னும் படம் அது. 'சிறுவன்' என்று நாம் தமிழில் சொல்லலாம். அவர் இயக்கிய முதல் முழுநீளப் படமும் அதுவே.

கதை எளியது. மணமாகாத தாய் ஒருத்தி கைக்குழந்தையுடன் மருத்துவமனையை விட்டு வெளியேறுகிறாள். அவ்வேளையில், சிலுவை சுமந்து செல்லும் இயேசுவின் உருவம் திரையில் தோன்றி மறைகிறது. செல்வர் ஒருவரின் காரில் அவள் விட்டுச்சென்ற குழந்தை, அக்கார் திருடுபோனதால், ஏழைகள் வாழும் சந்து ஒன்றில் கிடக்கிறது. கந்தல் உடுத்த நாடோடி ஒருவன் அதை எடுத்து வளர்க்கிறான். ஐந்தாண்டுகளுக்குப்பின் சிறுவன் கல்லெறிந்து சன்னல்களை உடைக்க, ஒன்றுமறியாதவன்போல் கண்ணாடி பொருத்த வந்து நிற்கிறான் வளர்ப்புத் தந்தை. நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். ஆனால் ஒருநாள் அநாதை விடுதியினர் சிறுவனை வண்டியில் ஏற்றிச் செல்கின்றனர். அவன் கைகளை நீட்டிக் கதறுகிறான். நாடோடி வீட்டுக் கூரைகளின்மீது ஓடி, வண்டியில் குதித்து, பிள்ளையை மீட்டு முத்தமிடுகிறான். நம் சிரிப்பு கண்ணீராகிறது.

அக்காட்சிக்குப் பின்னால் சாப்ளினின் சொந்தத் துயரமும் இருந்தது. 1896-இல், ஏழு வயதில், வறுமையால் லண்டன் நகரின் ஏழையர் விடுதிக்குச் சென்று, அங்கே தாயைப் பிரிந்தவர் அவர். 1919 ஜூலையில் அவருடைய முதற்குழந்தை பிறந்த மூன்றாம் நாளே இறந்தது.

ஆயினும், நம்மை அழவைத்த அந்தப் பிள்ளை யார்? 1914-இல் பிறந்த ஜாக்கி கூகன். மேடை நடிகர் ஒருவரின் மகன். பிரிவுக் காட்சியைப் படமாக்கியபோது அவனுக்கு அழுகை வரவில்லை. அவனுடைய தந்தை அவனைத் தனியே அழைத்துச் சென்று, அழாவிட்டால் உண்மையாகவே ஏழையர் விடுதிக்கு அனுப்பிவிடுவதாக மிரட்டினாராம். சிறுவன் தேம்பித் தேம்பி அழுதான். 1964-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் சாப்ளினே இதைக் கூறுகிறார்.

ஜாக்கி உலகப்புகழ் பெற்றான். 1924-இல் அண்மைக் கிழக்கு நாடுகளின் அநாதைக் குழந்தைகளுக்காகப் பயணம் செய்து, பத்து இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட உதவி திரட்டத் துணைபுரிந்தான். உரோமையில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதரையும் சந்தித்தான்.

1935-இல் ஒரு கார் விபத்தில் தந்தை இறந்தார். உடன் பயணம் செய்த ஜாக்கி மட்டும் உயிர் பிழைத்தார். அவ்வாண்டே 21 வயது நிறைந்தபோது, தாம் ஈட்டிய பணத்தைக் கேட்டார். அவர் சம்பாதித்தது முப்பது முதல் நாற்பது இலட்சம் டாலர் என மதிப்பிடப்பட்டது. தாயும் தாயின் இரண்டாம் கணவரும் தர மறுத்தனர். சிறுவர் ஈட்டும் பணம் பெற்றோருக்கே உரியது என்பதே அன்றைய கலிபோர்னியாவின் சட்டம். 1938-இல் ஜாக்கி வழக்குத் தொடுத்தார். முடிவில் அவர் கைக்கு வந்தது 1,26,000 டாலர் மட்டுமே.

இவ்வழக்கின் விளைவாக, குழந்தை நடிகரின் வருவாயில் ஒரு பகுதியைப் பாதுகாத்து வைக்கும் 'கூகன் சட்டம்' 1939-இல் பிறந்தது. அதிலும் ஓட்டைகள் இருந்தன. வருவாய் குழந்தைக்கே சொந்தம் என்பதும், அதில் 15 விழுக்காடு காப்பு நிதியில் சேரவேண்டும் என்பதும் 2000-ஆம் ஆண்டு முதலே நடைமுறைக்கு வந்தன. அதைக் காண ஜாக்கி இல்லை; 1984-இல் அவர் மறைந்திருந்தார்.

திரையில், பெறாத தந்தை பிள்ளையைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. வாழ்வில், பெற்றவர்களிடம் பிள்ளை தன் உழைப்பின் பயனைக் கேட்டு நீதிமன்றம் ஏறவேண்டியதாயிற்று. பிள்ளைகள் நம்முடையவர்கள் என்று உரிமையோடு சொல்கிறோம். அவர்களுக்காக அப்படிச் சொல்கிறோமா, நமக்காகவா? வண்டியிலிருந்து நீளும் அந்தச் சின்னஞ்சிறு கைகளைக் காணும்போதெல்லாம் இக்கேள்வி நம்மைத் தொடர்கிறது.