ஐந்து இறாத்தலுக்குள் ஒரு தேகப்பயிற்சிக் கருவி

மனிதன் தத்தித் தத்தி எழுந்து நிற்கப் பழகிய நாள் முதல் ஒரு பாரத்தை ஓய்வின்றிச் சுமந்து திரிகின்றான். அது பிறர் ஏற்றிவைத்த பாரமன்று. அவனது சொந்த உடலின் பாரமே. கட்டிலை விட்டு எழும்போதும், படியேறும்போதும், சந்தியிலே பேருந்துக்காகக் காத்து நிற்கும்போதும், அவனுடைய தொடையும் கெண்டைக்காலும் முதுகும் அப்பாரத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கின்றன. தேகப்பயிற்சி செய்து அறியாதவன் என்று தன்னை எண்ணிக்கொள்பவனுங்கூட, நாள்தோறும் இவ்வகையில் ஓயாது பயிற்சி செய்தவனாகவே உறங்கச் செல்கின்றான்.

எலும்பும் இவ்விதிக்கு விலக்கன்று. சுமக்கும் பாரத்துக்கேற்பவே எலும்பு தன்னை அமைத்துக்கொள்கிறது என்பதை யூலியஸ் வோல்ஃப் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1892 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். பாரம் மிகுந்தால் எலும்பு உறுதி பெறும். பாரம் குறைந்தால் மெலியும். பல வாரங்கள் நோய்ப்படுக்கையிற் கிடந்தவர் எழுந்து நடக்கத் தடுமாறுவதற்கு நோய் மாத்திரம் காரணமன்று. கால்கள் தம் கடமையை மறந்துபோனதும் ஒரு காரணமாகும்.

அவ்வாறாயின், அப்பாரம் முற்றாகவே நீங்கிய ஓரிடத்தில் மனிதன் மாதக்கணக்கில் வாழ நேர்ந்தால் அவன் கதி என்னவாகும்? விண்வெளிப் பயணம் தொடங்கியபின் இந்த வினா ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. பூமியைச் சுற்றிவரும் கலத்திலே புவியீர்ப்பு இல்லை எனப் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. ஈர்ப்பு அங்கும் உண்டு. ஆயினும் கலமும் கலத்தில் உள்ளவரும் ஒருங்கே ஓயாது விழுந்துகொண்டிருப்பதனால், ஒருவர் பாதத்தையும் எத்தளமும் தாங்க வேண்டியதில்லை. நிற்பதுமில்லை, நடப்பதுமில்லை, விரல் நுனியால் ஒரு சுவரைத் தொட்டுத் தள்ளினால் மறுபுறத்துக்கு மிதந்து செல்லலாம். வேலையற்ற கால்கள் வாடத் தொடங்குகின்றன.

இதனைத் தடுக்க ஒரு கருவி வேண்டும். அது உடல் முழுவதற்கும் பயிற்சி தரவேண்டும். கைப்பெட்டியில் அடங்குமளவு சிறிதாயிருத்தல் வேண்டும். நிறையோ மிகக் குறைவாயிருத்தல் வேண்டும். விண்ணிலே எதற்கும் நிறை இல்லையாதலால், இரும்புக் குண்டுகளைத் தூக்கிச் செய்யும் பயிற்சி அங்கே பயன்தராது. ஆகவே வேறு வழிகளை நாடினர்.

1965 ஆம் ஆண்டு டிசெம்பரில் ஜெமினி 7 என்னும் அமெரிக்கக் கலத்தில் பிராங் போர்மனும் ஜேம்ஸ் லோவலும் பதினான்கு நாட்கள் பூமியைச் சுற்றினர். அக்கலத்தில் எழுந்து நிற்கவும் இடமில்லை. அவர்களுக்கு அளிக்கப்பட்ட கருவி இரண்டு றப்பர்க் கயிறுகளே. ஒரு முனையிற் கைப்பிடி, மறுமுனையிற் பாதத்தை மாட்டும் பட்டி. பாதத்தை மாட்டிக்கொண்டு கையால் இழுக்கலாம். சந்திரனை நோக்கிச் சென்ற அப்போலோ பயணங்களில் வேறொரு கருவி சென்றது. ஒரு சிறிய உருளையைச் சுற்றிய கயிற்றை இழுக்கும்போது, கயிற்றுக்கும் உருளைக்கும் இடையேயுள்ள உராய்வு எதிர்த்து நிற்கும். சுற்றுக்களைக் கூட்டினால் எதிர்ப்பும் கூடும். உள்ளங்கையில் அடங்கும் அக்கருவி, நாட்கணக்கில் முடியும் பயணத்துக்குப் போதியதாயிருந்தது.

நீண்ட பயணத்தின் விளைவை முதலிற் கண்டவர்கள் சோவியத் விஞ்ஞானிகள். 1970 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்திரியான் நிக்கலாயெவ், வித்தாலி செவஸ்தியானவ் ஆகிய இருவரும் சோயூஸ் 9 கலத்திலே ஏறத்தாழப் பதினெட்டு நாட்கள் தங்கினர். அவர்கள் பூமிக்கு மீண்டபோது, கலத்திலிருந்து அவர்களைத் தூக்கியே இறக்க நேர்ந்தது. உறுதியான உடல் வாய்ந்த அவ்விருவரும் நேராக நடக்கப் பல நாட்கள் சென்றன. பதினெட்டு நாட்களுக்கே இந்நிலையென்றால், மாதக்கணக்கான பயணம் மனிதனுக்கு இயலுமோ என்ற ஐயம் எழுந்தது. பின்னர் அமைத்த சல்யூத் நிலையங்களிலே நடைப்பொறியையும், உடலை எந்நேரமும் இறுக்கி இழுக்கும் மீள்சக்திப் பட்டிகள் தைத்த ஆடையையும் சோவியத் நாட்டினர் கையாளலாயினர்.

அமெரிக்கர் இவ்வினாவுக்கு விடை தேடிய இடம் ஸ்கைலாப் என்னும் விண்வெளி நிலையமாகும். 1973 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆம் திகதி அது ஏவப்பட்டது. மும்மூன்று பேராக மூன்று குழுவினர் ஒருவர்பின் ஒருவராக அங்கே சென்றனர். முதற் குழுவினர் 28 நாட்களும், இரண்டாங் குழுவினர் 59 நாட்களும், மூன்றாங் குழுவினர் 84 நாட்களும் தங்கினர். இம்மூன்று பயணங்களும் திட்டமிட்டு நடத்திய ஒரு பரிசோதனைபோல அமைந்தன. ஒவ்வொரு குழுவினரும் மீண்டபின் கற்ற பாடம் அடுத்த குழுவினரின் பயிற்சியை மாற்றியது.

இப்பாடத்தை வாசித்தறிந்தவர் வில்லியம் தோர்ன்டன். வட கரோலைனா மாநிலத்திலே 1929 இற் பிறந்த அவர், முதலிற் பௌதிகம் பயின்று, பின்னர் வைத்தியரானவர். கருவிகளைத் தம் கையாலேயே அமைக்கும் ஆற்றல் வாய்ந்தவர். 1967 இல் விண்வெளி வீரராகத் தெரிவுசெய்யப்பட்டபோதிலும், ஸ்கைலாபுக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1972 இல் ஹூஸ்டனிலே, விண்வெளி நிலையத்தை ஒத்த மூடிய அறையொன்றினுள் மற்றும் இருவருடன் 56 நாட்கள் தங்கி, அங்கே பயன்படவிருந்த கருவிகளைப் பரிசோதித்தார். விண்வெளிக்கென அமைத்த நிலைத்த துவிச்சக்கரவண்டி அவருடைய மிதியைத் தாங்காது பழுதுற்றது. அக்குறை பூமியிலேயே வெளிப்பட்டதும் நன்மையாயிற்று.

முதற் குழுவினருக்குத் தேகப்பயிற்சிக்கென இருந்தது அத்துவிச்சக்கரவண்டி ஒன்றே. அவர்கள் மீண்டபின் கைகளின் வலிமையையும் கால்களின் வலிமையையும் தோர்ன்டன் தனித்தனியே அளந்தார். கைகள் ஓரளவே தளர்ந்திருந்தன. கால்களோ பெரிதும் தளர்ந்திருந்தன. நாள்தோறும் வண்டி மிதித்த கால்கள் ஏன் தளர்ந்தன? அவர் கண்ட விடை மிக எளியது. மிதிப்பதற்கு வேண்டிய விசை வேறு. உடலின் நிறையைத் தாங்கி நடப்பதற்கு வேண்டிய விசை வேறு. துவிச்சக்கரவண்டி இருதயத்துக்கும் சுவாசத்துக்கும் நல்ல வேலை தந்தது. ஆயினும் முழு உடலையும் தூக்கிச் செல்லும் பாரத்தை அது கால்களின்மேல் ஏற்றவில்லை.

இரண்டாங் குழுவினருடன் இரு சிறு கருவிகள் சேர்த்து அனுப்பப்பட்டன. ஒன்று, இழுக்கும் வேகத்துக்குத் தடை போடும் உள்ளமைப்புடைய கயிற்றுக் கருவி. மற்றையது, இரு கைப்பிடிகளுக்கிடையே சுருள்வில்கள் பூட்டிய கருவி. நம் நாட்டிலும் மார்பை விரிக்கும் பயிற்சிக்கு இத்தகைய வில்களை இளைஞர் இழுப்பதுண்டு. இவற்றால் கைகளின் வலிமை நன்கு காக்கப்பட்டது. கால்களின் தளர்ச்சியோ நீங்கவில்லை. கையால் இழுக்கக்கூடிய அளவு விசை, காலுக்கு ஒரு பொருட்டன்று என்பது இதனாற் புலனாயிற்று.

மூன்றாங் குழுவினர் புறப்படக் காலம் நெருங்கியது. காலுக்கு வேண்டியது நடை. நடைக்கு வேண்டியது நடைப்பொறி. பூமியிலே நடைப்பொறி என்பது மோட்டாரும் உருளைகளும் ஓடும் பட்டியுங்கொண்ட பெரிய யந்திரமாகும். மூன்றாங் குழுவினரின் கலத்திலே மேலதிக உணவும் பிற தேவைகளும் ஏற்றியபின், பயிற்சிக் கருவிக்கு மிஞ்சிய நிறை ஐந்து இறாத்தல் மாத்திரமே. அதாவது ஏறத்தாழ 2.3 கிலோகிராம். ஒரு குடும்பத்துக்குச் சில நாட்களுக்குப் போதுமான அரிசியின் நிறைக்குள், முழு மனிதனை நடக்கச் செய்யும் யந்திரம் வேண்டும்!

தோர்ன்டன் அந்த யந்திரத்திலிருந்து வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கினார். மோட்டார் வேண்டாம், உருளைகள் வேண்டாம், ஓடும் பட்டியும் வேண்டாம். பாதத்தின் கீழே தளம் நகர்ந்தாலென்ன, நகராத தளத்தின்மேற் பாதம் வழுக்கினாலென்ன? இரண்டும் ஒன்றே. ஆகவே வழுக்கும் இயல்புள்ள டெஃப்லோன் பூசிய ஓர் அலுமினியத் தகட்டைத் தளத்திற் பொருத்தினார். பயிற்சி செய்பவர் காலுறையுடன் அதன்மேல் நிற்கவேண்டும். தோளிலும் இடுப்பிலும் அணியும் வார்க்கட்டிலிருந்து நான்கு றப்பர்க் கயிறுகள் தளத்துக்குச் சென்றன. அவை அவரைக் கீழ்நோக்கி இழுத்த விசை ஏறத்தாழ 175 இறாத்தல். ஏறத்தாழ 80 கிலோகிராம். இது வளர்ந்த ஓர் ஆண்மகனின் நிறையேயாகும். கயிறுகளைச் சற்றே சாய்வாகப் பூட்டினால், வழுக்கும் மேட்டில் ஏறுவதுபோன்ற முயற்சி தேவைப்பட்டது. கருவி முழுவதும் மூன்றரை இறாத்தலில் முடிந்தது.

அதன்மேல் நடந்தவரின் கெண்டைக்கால் சில நிமிடங்களிலேயே களைத்துவிட்டது. அதுவே அக்கருவியின் வெற்றி. விண்வெளிக்கு வந்தபின் முதன்முறையாகக் கால்கள் தாம் பிறந்த தொழிலை மீண்டும் செய்தன. ஜெரால்ட் கார், எட்வேர்ட் கிப்சன், வில்லியம் போக் ஆகிய மூவரும் 84 நாட்களின்பின் 1974 ஆம் ஆண்டு பெப்ரவரி 8 ஆம் திகதி பூமிக்கு மீண்டனர். மூன்று குழுக்களுள் மிக நீண்ட காலம் தங்கியவர்கள் அவர்களே. எனினும் கால்களின் வலிமையை மிகக் குறைவாக இழந்தவர்களும் அவர்களே.

இவ்வெற்றி முழுவதையும் தகட்டுக்கே உரித்தாக்குதல் முறையன்று. மூன்றாங் குழுவினர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் பயிற்சி செய்தனர். முதற் குழுவினர் செய்ததோ அரை மணிநேரம். உணவும் மூன்றாங் குழுவினருக்கு மிகுதியாக இருந்தது. அன்றியும், தசைகள் காக்கப்பட்டபோதும் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடலிலிருந்து வெளியேறுவது நிற்கவில்லை. தசைக்குப் போதிய பாரம் எலும்புக்குப் போதவில்லை.

அவ்வெலும்பைக் காக்கும் முயற்சி பின்னும் பல்லாண்டுகள் நீடித்தது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 2000 ஆம் ஆண்டிற் சென்ற கருவி, றப்பரின் மீள்சக்தியால் ஏறத்தாழ 136 கிலோகிராம் வரை எதிர்ப்புத் தந்தது. ஆயினும் வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கும் அதற்கு மேலுமாகக் குறைந்தே வந்தது. 2008 இல் அனுப்பிய பெருங்கருவி, காற்று வெறுமையாக்கிய உருளைகளால் 270 கிலோகிராம் வரை எதிர்ப்பளித்தது. அதனைக் கொண்டு முறையாகப் பயின்று, போதிய உணவும் உண்டவர்களின் எலும்புத் திணிவு பெரிதும் காக்கப்பட்டது. ஆனால் அக்கருவிக்கு ஒரு சிற்றறையளவு இடம் வேண்டும்.

சந்திரனுக்குச் செல்லும் கலத்திலே அவ்வளவு இடமில்லை. எனவே சிறுமை என்னும் பழைய நிபந்தனை மீண்டும் முன்வந்தது. 1990 களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பேர் தெஷ், ஹான்ஸ் பெர்க் ஆகியோர் ஆராய்ந்த முறையொன்று இங்கே கைகொடுத்தது. கனத்த சில்லொன்றின் அச்சிற் பட்டியைச் சுற்றி இழுத்தால், சில்லு சுழலும். பட்டி முடிந்தபின்னும் சில்லு நில்லாது சுழன்று பட்டியை மறுபடி சுற்றி இழுக்கும். அப்போது அதை அடக்கி நிறுத்துவதும் ஒரு பயிற்சி. சிறுவர் விளையாடும் யோயோவின் தத்துவமே இது. சில்லின் நிறை விண்ணிலே மறைந்தாலும், அதன் திணிவு மறைவதில்லை. ஆகையால் அது அங்கும் எதிர்த்து நிற்கும். ஓரியன் கலத்துக்கென இத்தத்துவத்தால் அமைத்த கருவி ஒரு பெரிய சப்பாத்துப் பெட்டியளவே. படகு வலிப்பதுபோலவும், பாரம் தூக்குவதுபோலவும் அதனைக் கொண்டு பயிலலாம்.

தோர்ன்டன் 1983 இல், தமது ஐம்பத்துநான்காவது வயதில், முதன்முறையாக விண்வெளிக்குச் சென்றார்; 1985 இல் மீண்டுஞ் சென்றார். விண்ணோடங்களுக்கான நடைப்பொறியையும் வடிவமைத்த அவர், 2021 ஆம் ஆண்டு காலமானார். பிறர் கால்கள் வாடாதிருக்க அவர் அமைத்த வழுக்குத் தகட்டைப் பார்ப்பவர், அதனை ஒரு யந்திரமென்றே கொள்ளமாட்டார்.

எனினும் அத்தகட்டின் வரலாறு மண்ணில் நடப்போருக்கும் ஒன்றைச் சொல்கின்றது. உடலுக்கு வேண்டிய பயிற்சிகளுள் முதலாவது, எவரும் விலைகொடுத்து வாங்காத அதன் சொந்தப் பாரமே. விண்வெளி வீரர் அதனைப் பெறத் தம்மைக் கயிறுகளால் தளத்தோடு பிணைத்துக்கொண்டனர். பூமியில் வாழ்வோருக்கோ, நாற்காலியை விட்டு எழுந்து நடந்தாற் போதும்.