ஆஸ்பத்திரிப் பலகையின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வழக்கு



ஓசூரிலோ, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு பக்கமோ ஆஸ்பத்திரிக்குப் போனால், வரவேற்பு மேஜை அருகில் ‘நோயாளிகளின் உரிமைகளும் பொறுப்புகளும்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். நம் டோக்கன் எப்போது வரும் என்ற கவலையில் அதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. அந்தப் பலகையில் உள்ள முக்கியமான வரிகள் எல்லாம் கோர்ட்டில் போராடிக் கிடைத்தவை. அவை வந்த கதை தெரிந்தால், தேவைப்படும் நேரத்தில் தயங்காமல் கேட்போம்.

முதலில் உயிர், பிறகு போலீஸ்

1980-களில் விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடினால், பல ஆஸ்பத்திரிகளில் முதலில் வரும் பதில், “இது போலீஸ் கேஸ், வேறு இடம் போங்கள்” என்பதுதான். ஸ்கூட்டரில் சென்ற ஒருவரைக் கார் இடித்தது. அருகில் இருந்த ஆஸ்பத்திரி, தங்களுக்கு இந்த மாதிரி கேஸ் பார்க்க அனுமதி இல்லை என்று கூறி, 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது. பத்திரிகையில் இதைப் படித்த பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 28.8.1989 அன்று தீர்ப்பு வந்தது. அரசு மருத்துவராக இருந்தாலும் தனியார் மருத்துவராக இருந்தாலும் முதல் கடமை உயிரைக் காப்பது. போலீஸ் நடைமுறை அதற்குப் பிறகுதான் என்றது நீதிமன்றம்.

இருந்தும் 1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியாக அலையவிட்டார்கள். வசதி இல்லை, படுக்கை இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவர் சார்பில் விவசாயத் தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அவசர சிகிச்சை தராமல் அனுப்புவது, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும் சொன்னது.

தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஓரத்தில் வாழும் நமக்கு இது வெளியூர் விஷயம் அல்ல. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், அடிபட்டவர் கர்நாடகக்காரரோ ஒடிசாக்காரரோ ஆனாலும், தமிழக எல்லைக்குள் விபத்து நடந்தால் இது உண்டு. அடிபட்டவரைக் கொண்டு சேர்க்கும் நீங்கள் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ‘நமக்கு ஏன் வம்பு’ என்று ஒதுங்கிப் போகக் காரணம் இனி இல்லை.

நோயாளியும் நுகர்வோர்தான்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. மிக்ஸி கெட்டுப்போனால் வழக்குப் போடலாம், சிகிச்சை தவறினால் போடலாமா என்பதில் பெரிய சர்ச்சை நடந்தது. நம் சென்னை உயர் நீதிமன்றமே 1994-இல், மருத்துவர் தரும் சிகிச்சை இந்தச் சட்டத்தில் வராது, நோயாளி நுகர்வோர் அல்ல என்று தீர்ப்பளித்தது. இந்திய மருத்துவ சங்கத்தின் வாதமும் அதுதான்.

13.11.1995 அன்று, இந்திய மருத்துவ சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. வீட்டு வேலைக்கு வைத்த ஆள் நாம் சொன்னபடி செய்வார். மருத்துவரோ தம் படிப்பையும் அனுபவத்தையும் வைத்துத் தாமே முடிவெடுத்து நமக்குச் சேவை செய்கிறார். ஆகவே கட்டணம் வாங்கும் மருத்துவம் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்றது. எல்லோருக்கும் முழு இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிகள் மட்டும் இதில் வராது. சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசம் என்றால், இலவச நோயாளிக்கும் உரிமை உண்டு.

சிப்காட் குடும்பங்களுக்கு இன்னொரு வழக்கு முக்கியம். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லையே, அது இலவசம்தானே என்ற கேள்வி எழுந்தது. இலவசம் இல்லை, தொழிலாளி சம்பளத்தில் பிடித்தம் கொடுக்கிறார் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றைய கணக்கில் பிடித்தம் 0.75 சதவீதம். 20,000 ரூபாய் சம்பளக்காரர் மாதம் 150 ரூபாய் தருகிறார். நிறுவனம் 650 ரூபாய் தருகிறது. இ.எஸ்.ஐ.யில் தரமான சிகிச்சை கேட்பது அவர் கட்டிய பணத்துக்கான உரிமை.

ஃபைலும் கையெழுத்தும்

வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: லெட்ஜர் வங்கியில் இருந்தாலும் கணக்கு வாடிக்கையாளருடையது, அவர் கேட்டால் ஸ்டேட்மென்ட் தர வேண்டும். ஆஸ்பத்திரி ஃபைலும் அப்படித்தான். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கவும் வழக்குப் போடவும் அந்தக் காகிதம்தான் ஆதாரம். எழுத்தில் கேட்டு, அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கையெழுத்து. டெல்லியில் ஒரு பெண் பரிசோதனைக்காக மயக்க நிலையில் இருந்தபோது, வெளியே நின்ற வயதான தாயிடம் சம்மதம் வாங்கி அவருடைய கருப்பையை அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், சுய நினைவு திரும்பும்வரை காத்திருந்து நோயாளியிடமே கேட்டிருக்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குச் செல்லாது என்றும் தெளிவாக்கியது. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று நான்கு மொழி பேசும் நம் பகுதியில், ஆங்கிலப் படிவத்தில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாதீர்கள். புரிகிற மொழியில் விளக்கச் சொல்லுங்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை முறைப்படுத்தும் சட்டம் 1997-இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் வந்தது 2018-இல், அதாவது 21 ஆண்டுகள் கழித்து! கர்நாடகம் 2007-இல் சட்டம் இயற்றி 2017-இல் திருத்தியது. அதன்படி அங்கே அவசர நேரத்தில் முன்பணம் கட்டு என்று வற்புறுத்தக் கூடாது; நோயாளி இறந்தால் பில் பாக்கிக்காக உடலைப் பிடித்து வைக்கக் கூடாது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த 17 உரிமைகளின் பட்டியலை மத்திய அரசு 2018-இல் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. நாம் பார்க்கும் பலகைகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவையே.

நமக்கு இன்னொரு வசதி: 2019-ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். பெங்களூரில் சிகிச்சை பெற்றாலும் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். காலக்கெடு 2 ஆண்டுகள். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

பலகையின் மறுபாதி

உரிமைக்குக் கீழே பொறுப்பும் எழுதியிருக்கும். பழைய நோய், சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து எதையும் மறைக்காமல் சொல்வது. சொன்னபடி மருந்து எடுப்பது. ஒப்புக்கொண்ட கட்டணத்தைச் செலுத்துவது. எந்த நிலையிலும் கை ஓங்காமல் இருப்பது.

கடைசிப் பொறுப்பை நாம் மறந்துகொண்டே வருகிறோம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2008-இலேயே தனிச் சட்டம் கொண்டுவந்தது. இருந்தும் 13.11.2024 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், தாய்க்குத் தந்த சிகிச்சையில் குறை என்று நினைத்த மகன், புற்றுநோய் மருத்துவரைப் பணியில் இருக்கும்போதே கத்தியால் குத்தினார். மருத்துவர் பிழைத்துக்கொண்டார். தேதியைப் பாருங்கள்: சாந்தா தீர்ப்பு வந்து சரியாக 29 ஆண்டுகள்.

அது அரசின் இலவச மருத்துவமனை, நுகர்வோர் ஆணையம் அதற்குப் பொருந்தாது என்று சிலர் கேட்கலாம். அதற்கும் வழிகள் உண்டு. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர், மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். மெதுவான வழிகள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மேலே சொன்ன உரிமைகளைப் பெற்றுத் தந்தவர்கள் எல்லோரும் இந்த வழியில்தான் பல ஆண்டுகள் நடந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது மனுவும் ரசீதும்தான்.

எனவே ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு மருத்துவ ஃபைல் வைத்து, சீட்டு, ரிப்போர்ட், பில் எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். அவசர ஊர்தி 108, மருத்துவ ஆலோசனை 104 ஆகிய எண்களைக் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது அந்தப் பலகையை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள், இரண்டு பக்கத்தையும்.