பைத்தானின் சி நீட்சிகள்

சி நீட்சி என்பது சி மொழியில் எழுதிக் கம்பைல் செய்யப்பட்ட, பைத்தான் நிரலில் மற்றத் தொகுதிகளைப் போலவே இம்போர்ட் செய்யக்கூடிய நிரலகம். கணக்கீட்டு வேகத்துக்காகவும், சி மொழியில் ஏற்கெனவே உள்ள நிரலகங்களைப் பைத்தானிலிருந்து அழைப்பதற்காகவும் இது எழுதப்படுகிறது. அறிவியல் கணக்கீட்டில் பரவலாகப் பயன்படும் நம்பையின் உட்பகுதி பெரும்பாலும் சி மொழியில் அமைந்ததே.

நீட்சியின் மூல நிரல் ‘பைத்தான்.எச்’ என்ற தலைப்புக் கோப்பைச் சேர்த்துக்கொள்கிறது. பைத்தான் 3-இல் ‘ஸ்பேம்’ என்ற தொகுதியை இம்போர்ட் செய்தால், இன்டர்பிரெட்டர் ‘பைஇனிட்_ஸ்பேம்’ என்ற செயற்கூறைத் தேடும். ஓர் எழுத்து பிசகினாலும் தொகுதி ஏறாது. ஒரு பொருளுக்கு எத்தனை சுட்டல்கள் உள்ளன என்ற கணக்கையும் சி நிரலே பார்த்துக்கொள்ள வேண்டும். கழிக்க மறந்தால் நினைவகம் கசியும். ஒருமுறை கூடுதலாகக் கழித்துவிட்டாலோ, பயன்பாட்டில் இருக்கும் பொருளே அழிந்து நிரல் எங்கோ தொடர்பில்லாத இடத்தில் முறிந்து விழும். இரண்டாவது பிழையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

கம்பைல் செய்தபின் கிடைக்கும் கோப்பு லினக்ஸிலும் மேக்கிலும் ‘.எஸ்ஓ’ என்றும், விண்டோஸில் ‘.பிஒய்டி’ என்றும் முடியும். இப்படிக் கம்பைல் செய்யும் வேலைக்காக 2000-இல் பைத்தானுடன் சேர்க்கப்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் கருவி, 2023-இல் வந்த 3.12 பதிப்பில் நீக்கப்பட்டது. அதே வேலைக்கான செட்டப்டூல்ஸ் தொடர்கிறது; நம்பை, மீசான் என்ற வேறொரு கருவிக்கு மாறிவிட்டது. எந்தக் கருவி தேவை என்பதை இப்போது ‘பைப்ராஜெக்ட்.டாமல்’ கோப்பு சொல்கிறது.

எழுதுவதைவிட, எழுதியதைப் பிறர் கணினியில் சேர்ப்பதே நெடுங்காலம் பெரிய தலைவலியாக இருந்தது. மூல நிரலை மட்டும் அனுப்பினால், பெறுபவரிடம் கம்பைலர் இருந்தாக வேண்டும். பைத்தான் 2.7-க்கு விண்டோஸில் விஷுவல் சி++ 2008 தேவைப்பட்டது; அது எளிதில் கிடைக்காமல் போகவே, 2014-இல் மைக்ரோசாப்ட் அதற்கென்றே தனிக் கம்பைலர் தொகுப்பை வெளியிட்டது.

2013-இல் ஏற்கப்பட்ட ‘வீல்’ வடிவம் கம்பைல் செய்த கோப்பையே சுமந்து செல்கிறது. பைத்தான் பதிப்பு, இருமநிலை இடைமுகம், இயங்குதளம் ஆகியவை கோப்பின் பெயரிலேயே இருப்பதால் பொருத்தமானதை நிறுவல் கருவியான பிப் தேர்ந்துகொள்ளும். லினக்ஸில் வேறொரு சிக்கல்: அதன் அடிப்படைச் சி நிரலகமான ஜிலிப்சியின் புதிய பதிப்பில் கட்டியது பழையதில் ஓடாமல் போகலாம், பழையதில் கட்டியது புதியதில் ஓடும். ஆகவே 2016-இல் வந்த ‘மெனிலினக்ஸ்1’ விதி, 2007-இல் வெளியான சென்டோஸ் 5-ஐ அடிப்படையாகக் கொண்டது. நீட்சி சார்ந்திருக்கும் வெளி நிரலகங்களை ‘ஆடிட்வீல்’ கருவி வீலுக்குள்ளேயே படியெடுத்து வைக்கிறது. ஜிலிப்சிக்குப் பதிலாக மசல் நிரலகத்தில் ஓடும் ஆல்பைன் லினக்ஸுக்கு வேறு வீல் வேண்டும்.

ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் இயங்குதளத்துக்கும் ஒன்று என வீல்கள் பெருகிவிடுகின்றன. பைத்தான் 3.2 பதிப்பில் வந்த நிலையான இருமநிலை இடைமுகத்துக்குள் எழுதினால், ஓர் இயங்குதளத்துக்குக் கட்டிய ஒரே வீல் அடுத்தடுத்த பதிப்புகளிலும் ஓடும். ஈடாகச் சில செயற்கூறுகளையும் சற்று வேகத்தையும் இழக்க நேரும். ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டுமே பைத்தான் நிரலை இயக்க விடும் உலகளாவிய பூட்டு இல்லாமல் கட்டப்படும் 3.13 வடிவம் இந்த இடைமுகத்தை ஏற்பதில்லை. அதற்குத் தனி வீல் கட்ட வேண்டும்.